கோட்டுக்குள் நின்ற சூடு

நான் வெயிலில் மயங்கி விழுந்ததாகத்தான் எங்கள் தெருவில் பலரும் இன்னும் சொல்கிறார்கள். நெருப்பில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே முழுசாகச் சரியில்லை. நெருப்பு என்னைத் தொடவே இல்லை. வெயில் எனக்குப் புதிதும் இல்லை. என்னைச் சாய்த்தது என் உடம்பு தானே உண்டாக்கிய சூடு. வெளியே போக வழியில்லாமல், நான் போட்டிருந்த கோட்டுக்குள்ளேயே அது நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஆஸ்பத்திரியில் வெகுநாள் பிடித்தது. இப்போது நடக்கிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். அதனால் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் டில்லிபாபு. எண்ணூர் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அரசாங்கத் தீயணைப்பு நிலையம் அல்ல. கம்பெனி தனக்காக வைத்திருக்கும் சின்னப் படை. வீடு திருவொற்றியூரில். மனைவி கஸ்தூரி வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டுக்குப் போகிறாள். மகள் திவ்யா கல்லூரியில் படிக்கிறாள். என்னோடு ஒரே ஷிப்டில் பல வருடமாக இருப்பவன் தேசப்பன். முகத்துவாரக்குப்பத்துக்காரன். அவன் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் நெருப்புக்கு வந்துவிட்டான்.

கம்பெனி மதிலுக்கு வெளியே, குழாய்கள் போகும் மண்கரையை ஒட்டி, கழிமுகம் வரைக்கும் வெற்று நிலம் கிடக்கிறது. கோரை, நாணல், இடையிடையே சீமைக்கருவேலம். சித்திரை பிறந்தால் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். எவனாவது பீடியைப் போட்டுவிட்டுப் போவான், அல்லது குப்பையைக் கொளுத்துவான். வருடா வருடம் பற்றிக்கொள்ளும். நாங்கள் போய் அடித்து அணைப்போம். இதை யாரும் பெரிய நெருப்பாக நினைப்பதில்லை. குழாய்க் கரைக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்களுக்குக் கொடுத்திருந்த கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எரிகிற தொட்டிக்கு அருகிலும், கட்டடத்துக்கு உள்ளேயும் போய் நிற்பதற்காகத் தைத்தது. மூன்று அடுக்கு. மேலே தீப்பிடிக்காத துணி. நடுவில் தண்ணீர் புகாத மெல்லிய படலம். உள்ளே மெத்தை மாதிரி தடிமனான ஒரு துணி. கையிலும் மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை தைத்திருக்கும். நல்ல கோட்டுதான். அதைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போனால் சூடு உறைக்காது. ஆனால் அந்த மாதிரி இடத்தில் நாங்கள் கொஞ்ச நேரம்தான் நிற்போம். ஒரு ஆள் வெளியே வந்ததும் இன்னொரு ஆள் உள்ளே போவான். புல் நெருப்பு அப்படி இல்லை. முதுகில் தண்ணீர்ப் பம்பை மாட்டிக்கொண்டு, அதன் கூடவே நடக்க வேண்டும். மேடு, பள்ளம், சேறு. ஒரு பக்கம் அணைத்தால் இன்னொரு பக்கம் கிளம்பும். அரை நாள் ஆகும். அதற்கும் இதே கோட்டுதான். கோட்டு இல்லாமல் நெருப்புப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்பது விதி, பாதியில் திறக்கவும் கூடாது. எங்களில் யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அன்றைக்கு உச்சி வெயில். நானும் தேசப்பனும் கரையோரம் அடித்துக்கொண்டு போனோம். கடல் காற்று சட்டென்று திரும்பியது. எங்களுக்கு முன்னால் நின்ற நாணல் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. பின்னால் மண்கரை. நாங்கள் கரையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அது எரிந்து அடங்கும் வரை நின்றோம். அப்போது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. பூட்ஸுக்குள் தண்ணீர் தளும்புகிறதே, எங்கே இறங்கினேன் என்று யோசித்தது நினைவிருக்கிறது. அது என் வேர்வை. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. அடுத்து இருப்பது ஒரு வெள்ளைக் கூரையும், அதில் மெதுவாகச் சுற்றுகிற ஒரு மின்விசிறியும்.

இடையில் நடந்ததைப் பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் பேச்சு குழறி, தள்ளாடி, கரையிலேயே உட்கார்ந்துவிட்டேனாம். தேசப்பன் என்னைக் கீழே இழுத்து, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரைத் தலைக்கவசத்தால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறான். சுற்றிலும் எரிந்த புல்லின் அடிக்கட்டை புகைந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வழியில் லாரிகளின் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இவன் என்னைத் தோளில் தூக்கி ரோட்டுக்கு வந்து, காசிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மீன் வண்டியை மறித்தான். பெட்டிகளை ஒதுக்கி, ஐஸைக் கொட்டி, அதன் மேல் என்னைக் கிடத்தினான். மேலேயும் ஐஸை அள்ளிப் போட்டான். அப்படித்தான் நான் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெறும் உடம்பு, ஐஸ், ஒட்டிக்கொண்ட மீன் செதில்.

அங்கே இருந்த டாக்டர் நித்யா இளவயசுக்காரர். என்னை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது ஊழியர் ஒருவர் ஐஸைத் தட்டிவிடப் போனாராம். டாக்டர் அதைத் தடுத்து, வண்டியில் மிச்சம் இருப்பதையும் கொண்டுவரச் சொன்னார். உள்சூட்டை அளந்தபோது, அவ்வளவு ஐஸுக்குப் பிறகும், நூற்று ஆறு டிகிரி இருந்தது. ஜுரத்தில் நூற்று மூன்று வந்தாலே நாம் அலறுவோம். இது ஜுரம் இல்லை என்று பிற்பாடு அவர் எனக்கு விளக்கினார். ஜுரத்தில் உடம்பு தானே முடிவு செய்து சூட்டை ஏற்றுகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு இறக்கத்தான் பார்க்கிறது, முடியவில்லை. வேலை செய்கிற தசை ஒரு அடுப்பு. அந்த அடுப்பின் சூட்டை வேர்வை வெளியே கொண்டுபோக வேண்டும். வேர்வை காய்ந்தால்தான் குளிரும். காற்றுப் புகாத கோட்டுக்குள் அது காய வழியில்லை, வெறுமனே வழிகிறது. சூடு ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மூளையையும் ஈரலையும் தசையையும் தாக்குகிறது.

எனக்கு வலிப்பு வந்தது. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கஸ்தூரிக்குத்தான் அவை நாட்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சில் அவளும் திவ்யாவும் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடும்போது ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். திவ்யா செல்போனில் ஹீட் ஸ்ட்ரோக் என்று தேடிப் படித்துவிட்டு அழுதிருக்கிறாள். கஸ்தூரி போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, இனி டாக்டர் சொல்வதை மட்டும் கேட்போம் என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்தில் புழலிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுடைய பெரியவருக்குப் பக்கவாதம். அந்த அம்மா தான் கொண்டுவந்த சோற்றில் பாதியைத் தினமும் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். நான் கண் விழித்த அன்று அந்தப் பெரியவர் இறந்துபோனார். கஸ்தூரி இரண்டையும் ஒரே மூச்சில்தான் எனக்குச் சொன்னாள்.

கண் விழித்தது முடிவு இல்லை. கோலா பானம் மாதிரி கறுப்பாக மூத்திரம் வந்தது. அதுவும் கொஞ்சமாக. டாக்டர் நித்யா கட்டிலோரம் நின்று சொன்னார். சூட்டில் தசை சிதைந்து அதன் சாறு ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீரகம் அதை வடிகட்டப் பார்த்து அடைத்துக்கொண்டது. டீ வடிகட்டியில் சேறு ஊற்றின மாதிரி என்றார். இனி சிறுநீரகம் தானாகத் திறக்கிற வரைக்கும் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்ய வேண்டும். திறக்குமா என்று கஸ்தூரி கேட்டாள். பெரும்பாலும் திறக்கும் என்றார். பெரும்பாலும் என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் காதில் அது மட்டும் உரக்க விழுந்தது.

கழுத்தில் ஒரு குழாயைச் செருகி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள். வலி இல்லை. உங்கள் ரத்தம் உங்கள் கண் முன்னால் வெளியே போய், சுற்றிவிட்டு, மறுபடி உள்ளே வரும். முதல் தடவை பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். கிரியாட்டினின் என்று ஒரு கணக்கு உண்டு. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய அழுக்கு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது அது. டயாலிசிஸ் முடிந்ததும் இறங்கும், மறுநாள் ஏறும். தானாக இறங்கினால்தான் நல்ல சேதி.

இதில் மோசமானது தாகம். சிறுநீர் பிரியாதவன் நிறையத் தண்ணீர் குடிக்கக்கூடாது, நுரையீரலில் போய்த் தேங்கும். ஒரு சின்னத் தம்ளரைக் காலையில் காட்டி, இன்றைக்கு இதுதான் என்பார்கள். உடம்பெல்லாம் வெந்து வந்தவனுக்கு அது. கஸ்தூரி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றுவாள். ஒரு தடவை சாக்லேட் நிறச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அது டீயாகத் தெரிந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தச் சேலையைக் கட்டவில்லை. என் முன்னால் அவளும் திவ்யாவும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியே போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். இதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில நாள் ஆனது.

கையெழுத்துப் போடும்போது பேனா கோணிக்கொண்டு போனது. நடக்கச் சொன்னார்கள். படகில் நிற்பவன் மாதிரி ஆடினேன். மூளையில் உடம்பை நேராக நிறுத்துகிற பகுதிக்குச் சூடு ஆகாது என்றும், மெதுவாகத் தேறும் என்றும் சொன்னார்கள். நான் வார்டு சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். தேறியது. முழுசாக இல்லை. இன்றைக்கும் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவேன்.

இந்த நாட்களில் கம்பெனியிலிருந்து பலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தேசப்பன் மட்டும் வரவில்லை. கஸ்தூரியைக் கேட்டால், வேலை இருக்கும் என்பாள். பேச்சை மாற்றுவாள். எனக்கு வருத்தமாக இருந்தது. கடைசியில் திவ்யா சொல்லிவிட்டாள்.

ரோட்டில் போன யாரோ அன்றைக்குச் செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். புகை நடுவில் நான் மல்லாந்து கிடக்கிறேன், வெற்று மார்பு. பக்கத்தில் என் கோட்டு கிடக்கிறது. தேசப்பன் தன் கோட்டையும் கழற்றிக்கொண்டிருக்கிறான். அந்த வீடியோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. நெருப்பு எல்லைக்குள் இரண்டு பேரும் கோட்டைத் திறந்து வேலை செய்திருக்கிறார்கள், அதனால்தான் ஒருவன் விழுந்தான், மூத்தவன் தேசப்பன், அவன்தான் பொறுப்பு என்று முதல் அறிக்கை போயிற்று. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணை முடிகிற வரை சாட்சியான என்னைப் பார்க்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். கழற்றியது நான் விழுந்த பிறகு என்று அவன் சொன்னான். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. படம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சொல்ல வேண்டியவன் நான். எனக்கோ ஞாபகம் இல்லை.

நான் மிகவும் முயற்சி செய்தேன். கண்ணை மூடினால் நாணல் எழுவது வரைக்கும் வரும். பூட்ஸுக்குள் தண்ணீர் வரும். அதற்கப்புறம் மின்விசிறி. திரும்பத் திரும்ப இதே. அவனுக்காக ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. பார்த்தேன் சார், விழுந்த பிறகுதான் கழற்றினான் என்று. மயங்கியவன் எப்படிப் பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு அவன் சொன்னதும் பொய்யாகிவிடும்.

என் மார்பிலும் இரண்டு முழங்கைக்கு மேலும் புண் இருந்தது. பெரிதில்லை. கொப்பளித்து உடைந்து, தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. சிறுநீரகக் கவலையில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கட்டு மாற்றுகிற சிஸ்டர் ஒருநாள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறதே என்று டாக்டரிடம் காட்டினார். டாக்டர் நித்யா குனிந்து பார்த்தார்.

"இது தீப்புண் இல்ல. வெந்நீர் பட்ட புண் மாதிரி இருக்கு. இந்த இடத்துல சட்டையில என்ன இருந்தது?"

மின்னுகிற பட்டை என்றேன். அவர் சொன்னார். பட்டைக்குக் கீழே துணி கொஞ்சமும் மூச்சு விடாது. வேர்வை அங்கே தேங்கும். வெளியே நெருப்பு எழுந்தபோது அந்த ஈரம் கொதித்து, பட்டையின் அகலத்துக்கு அப்படியே தோலை வேகவைத்திருக்கிறது. மற்ற இடத்தில் கோட்டு காப்பாற்றிவிட்டது.

அவர் போன பிறகு நான் என் மார்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வலது அக்குளிலிருந்து இடது அக்குள் வரை ஒரே கோடு. நடுநெஞ்சில்தான் நாங்கள் போடுகிற கோட்டின் இரண்டு முன்பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக மூடும். அங்கேயும் கோடு அறுபடவில்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளிடம் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணியோடு இருப்பவள். விரலால் அந்தப் புண்ணுக்கு மேலே, தொடாமல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போனாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சீனிவாசன் என்ற பாதுகாப்பு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, களைத்தால் சொல்லுங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று ஆரம்பித்தார். வேலைக்குப் போன நேரம், குடித்த தண்ணீர், காற்று திரும்பியது, எல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு அந்தக் கேள்விக்கு வந்தார்.

"கோட்ட எப்பத் திறந்தீங்க?"

"தெரியாது சார்."

"தேசப்பன் திறக்கச் சொன்னாரா?"

"அதுவும் ஞாபகம் இல்ல சார். ஞாபகம் கீறது ஒண்ணுதான். நாணல் எரிஞ்சப்ப நாங்க கரையில சாஞ்சிகினு நின்னோம். அப்பால ஒண்ணும் இல்ல." கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் வந்து என் சட்டையைத் திறந்துவிட்டாள். "ஆனா இத்த பாருங்க சார். பட்டை கீற இடம். நடுவுல பாருங்க. உட்டுப் போவல."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோட்டு திறந்திருந்தால் நடுநெஞ்சில் பட்டை படிந்திருக்காது என்பதை நான் வாயால் சொல்லவில்லை. கையைப் பார்க்கலாமா என்று கேட்டார், காட்டினேன். இரண்டு கையிலும் அதே உயரத்தில் அதே அகலத்தில் கோடு. பிறகு டாக்டரைத் தேடிப் போனார்.

டாக்டர் அவரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்ற சிஸ்டர் கேட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னார். இந்தக் கொப்புளம் கோட்டு மூடியிருந்தபோது வந்தது. அதைக் கழற்றியது அதற்கப்புறம். கழற்றாமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் இந்த நோயாளி இங்கே வந்திருக்க மாட்டார், சவக்கிடங்குக்குத்தான் போயிருப்பார். இதை எழுதித் தரவும் தயார் என்று டாக்டர் சொன்னாராம்.

தேசப்பனை வேலைக்குத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். வருத்தம் தெரிவித்தெல்லாம் யாரும் பேசவில்லை. திங்கட்கிழமை ஷிப்டுக்கு வா என்று ஒரு போன்.

அந்த வாரத்தில்தான் கஸ்தூரி மூத்திரப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. அவள் அதைச் சிஸ்டரிடம் காட்டினாள், பிறகு திவ்யாவிடம் காட்டினாள், பிறகு அடுத்த கட்டில்காரரிடமும் காட்டப் போனாள். நான்தான் வேண்டாம் என்றேன். கிரியாட்டினின் தானாக இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். முதல் தடவையாக ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தேன். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். ஒரு தடவை இப்படிச் சூடேறிய உடம்புக்கு அடுத்த தடவை சீக்கிரம் ஏறும். நெருப்பு வேலை வேண்டாம். கம்பெனியில் என்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். ஏசி அறை. சுவரில் கேமரா படங்கள், மேஜையில் வாக்கி டாக்கி.

கோட்டு விஷயம் அதோடு முடியவில்லை. கம்பெனியில் சிலர் இதைவிடக் கனமான கோட்டு வாங்கவேண்டும் என்றார்கள். ஆள் விழுந்துவிட்டான், ஆகவே காப்பு போதவில்லை என்பது அவர்கள் கணக்கு. சீனிவாசன் சார் அதை ஏற்கவில்லை. காட்டுத்தீயில் வேலை செய்கிறவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று விசாரித்து, மாதிரிக்கு ஒன்று வரவழைத்தார். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய பருத்தி. ஒரே அடுக்கு. தொளதொள என்று ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு பேன்ட். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும், அதுவும் ஒரு காப்பு என்றார். போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி இருந்தது. இதுவா காப்பாற்றும் என்று கேட்டேன்.

"இது நெருப்புக்குள்ள நிக்கறதுக்கு இல்ல, டில்லி. நெருப்பு கிட்ட வந்தா ஓடறதுக்கு."

உள்ளே பருத்தி பனியன் மட்டும்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் பாதிப் பேர் கோட்டுக்குள் பாலியஸ்டர் ஜெர்ஸிதான் போட்டுக்கொண்டிருந்தோம், வேர்வை தெரியாது என்று. சூடு அதிகமானால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடமும் இரண்டு ஜெர்ஸி இருந்தது. கஸ்தூரி இரண்டையும் வெட்டித் தரை துடைக்கப் போட்டுவிட்டாள்.

தேசப்பன் வீட்டுக்கு வந்தது நான் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழங்கான் மீன் வாங்கி வந்து கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான். என் மார்பைக் காட்டச் சொன்னான். காட்டினேன். தன் தோளைக் காட்டினான். பம்பு வார் அழுத்திய இடத்தில் அவனுக்கும் ஒரு தழும்பு இருந்தது. டீ வந்தது. குடித்தோம். பிறகு நான் கேட்டேன், அன்றைக்கு நான் எப்படி விழுந்தேன் என்று. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"நீ கோட்ட உடல மாமு. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிகின. குளுருது குளுருதுன்னே சொல்லிகினு இருந்த. நான் கயட்டக் கயட்ட நீ மூடற. எம்மேல கையக்கூட ஓங்கின. கடைசீல உன் கைய முட்டியால அமுக்கிகினுதான் கயட்டினேன்."

இதை விசாரணையில் சொன்னாயா என்று கேட்டேன்.

"எப்டி சொல்றது? வேணான்னு சொன்னவன் கோட்ட ஏன் அவுத்தேன்னு கேப்பான். அப்ப எனக்கே தெரியாது, நான் செய்றது சரியா ராங்கான்னு. உம்மேல கைய வெச்சேன். கொதிச்சிகினு கீது. வாயி குளுருதுன்னுது. நான் கைய நம்பினேன், அவ்ளோதான்."

அவன் போன பிறகு நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் நின்றதும், கழுத்தில் குழாய் போட்டதும் எனக்கு அவ்வளவு பயம் தரவில்லை. இது தந்தது. நான், என் சொந்தக் குரலில், என் உயிருக்கு எதிராகப் பேசியிருக்கிறேன். முழு நம்பிக்கையோடு பேசியிருக்கிறேன். நண்பன் என் பேச்சுக்கு மரியாதை கொடுத்திருந்தால் கோட்டின் பட்டனைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். சூடு மூளைக்கு ஏறியவர்கள் அப்படிச் சொல்வதுண்டு என்றார். தனக்கு ஒன்றுமில்லை என்று சண்டை போடுவார்களாம்.

இந்தக் கோடையிலும் கரையோரம் பற்றிக்கொண்டது. ஆட்கள் புதுச் சட்டையில் போனார்கள். நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். கேமராவில் புகை மட்டும் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நிழலுக்கு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லி நான் கூப்பிட வேண்டும் என்பது இப்போது ஏற்பாடு. கூப்பிட்டேன்.

"தேசப்பா, எப்டி கீற?"

"நல்லாத்தான் கீறேன் மாமு."

"நீ சொல்லாத. பக்கத்துல யாரு?"

"வேலு."

"வேலு கைல குடு."

வேலு வாக்கி டாக்கியை வாங்கினான். தேசப்பன் முகம் சிவந்திருக்கிறது, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது, இரண்டு பாட்டில் குடித்தான், கை நடுங்கவில்லை என்று சொன்னான். சரி என்றேன். அப்புறம் வேலு, தனக்கும் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தான். அதைத் தேசப்பன் சொல்லட்டும் என்றேன். தேசப்பன் வாங்கிச் சொன்னான்.